வீடியோ கன்வெர்ட் பண்றப்ப மெமரி எர்ரர்: ரேம் போடலாமா, செட்டிங்கை குறைக்கலாமா, ஜிபியூவுக்கு போகலாமா?

8 ஜிபி ரேம் இருக்குற லேப்டாப்ல ஒரு 4கே வீடியோவை ஹேண்ட்பிரேக்ல (வீடியோ மாத்தற இலவச சாஃப்ட்வேர்) போட்டு கன்வெர்ட் கொடுத்தா, முப்பது நாப்பது சதவீதம் வரைக்கும் ஒழுங்கா ஓடிட்டு திடீர்னு ப்ரோகிராம் மூடிக்குது, இல்லன்னா மெமரி பத்தலன்னு ஒரு பாக்ஸ் வருது, இல்லன்னா மொத்த லேப்டாப்பும் ஹேங் ஆகி மவுஸ் கூட நகர மாட்டேங்குது. யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பதில் "ரேம் போடுங்க". ரேம் போடுறது நல்லதுதான், ஆனா இந்தப் பிரச்சனைக்கு அது மூணாவதோ நாலாவதோ பார்க்க வேண்டிய வழின்னு நான் அழுத்தமா சொல்வேன், அதுக்கு முன்னாடி பைசா செலவில்லாத வழிகள் இருக்கு, அதோட சில கேஸ்ல எவ்ளோ ரேம் போட்டாலும் எர்ரர் அப்படியேதான் நிக்கும். எந்த வழி எங்க கைகொடுக்கும், அதுக்கு பதிலா நாம எதை விட்டுக்கொடுக்கணும்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

ஆனா வழியைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கட்டாயம் பண்ணணும். அதே ஃபைலை அதே செட்டிங்ல இன்னொரு தடவை ஓட விடுங்க, எந்த இடத்துல நிக்குதுன்னு குறிச்சு வைங்க. ரெண்டு தடவையும் கரெக்டா ஒரே இடத்துல நின்னா கோளாறு பெரும்பாலும் ஃபைல்லதான், அந்த நிமிஷத்துல வீடியோ டேட்டா கெட்டுப் போயிருக்கும், அதுக்கு ரேம் வாங்கி என்ன பண்றது. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நின்னா மெமரி, சூடு, ஹார்டுவேர் இந்த மூணுல ஒண்ணு. ப்ரோகிராம் மட்டும் சாகாம கம்ப்யூட்டரே பட்டுனு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அது சூடு இல்லன்னா பவர் சப்ளை சம்பந்தப்பட்டது, விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல (கோளாறுகளைப் பதிஞ்சு வைக்கற இடம்) கெர்னல் பவர் 41ன்னு ஒரு பதிவு விழுந்திருக்கும். லேப்டாப் ஃபேன்ல தூசி அடைச்சிருக்கறவங்களுக்கு இது ரொம்ப சகஜம், ஏன்னா வீடியோ என்கோடிங் (வீடியோவை சுருக்கி புதுசா எழுதறது) மாதிரி எல்லா கோரையும் மணிக்கணக்கா நூறு சதவீதத்துல ஓட்டுற வேலை வீட்டு கம்ப்யூட்டர்ல வேற அதிகமா கிடையாது.

உண்மையிலேயே மெமரி தீர்ந்துதான் செத்துதான்னு உறுதி பண்ணணும்னா அதே ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல 2004ங்கற நம்பரைத் தேடுங்க, ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்னு பேர் போட்டு, எந்த ப்ரோகிராம் எவ்ளோ மெமரியைப் பிடிச்சு வச்சிருந்துச்சுன்னு பேரோட எழுதியிருக்கும். லினக்ஸ்ல ஓட்டுறவங்களுக்கு இன்னும் சுலபம், "கில்டு"ன்னு ஒத்தை வார்த்தையோட நின்னு எக்ஸிட் கோட் (ப்ரோகிராம் முடியறப்ப விட்டுட்டுப் போற நம்பர்) 137 வந்தா பெரும்பாலும் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலே மெமரி பத்தாம ப்ரோகிராமைக் கொன்னுருக்கு. எஃப்எஃப்எம்பெக் (கமாண்ட் டைப் பண்ணி வீடியோ மாத்தற இலவச டூல்) மைனஸ் 12 காட்டினா கேட்ட மெமரி கிடைக்கலன்னு அர்த்தம். ஆனா -1073741819ங்கற நீளமான நம்பர் வந்தா அது வேற கதை, ப்ரோகிராம் தனக்கு சொந்தமில்லாத இடத்துல கை வச்சிருக்கு, அதாவது பக் அல்லது டிரைவர் கோளாறு அல்லது ரேம் ஸ்டிக்கே பழுது. -1073741795 வந்தா உங்க ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளையை ப்ரோகிராம் கொடுத்திருக்கு, பழைய ப்ராசஸர்ல புது வெர்ஷன் போட்டவங்களுக்கு வரும். இந்த ரெண்டுக்கும் ரேம் அளவுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, மெமரிதான்னு உறுதியாச்சு. எதுக்கு இவ்ளோ மெமரி திங்குது? நிறைய பேர் ரெண்டு மணி நேர வீடியோ, ஃபைலே 40 ஜிபி, அதான் தாங்கலன்னு நினைக்கறாங்க. என்கோடர் முழு ஃபைலையும் மெமரிக்குள்ள எடுத்துக்கறது கிடையாது, ஒரு பக்கம் ஃப்ரேம் உள்ள வரும், இன்னொரு பக்கம் வெளிய போகும், நடுவுல கொஞ்சம் ஃப்ரேம்களைத்தான் கையில வச்சிருக்கும். அதனால பத்து நிமிஷ வீடியோவும் ரெண்டு மணி நேர வீடியோவும் கிட்டத்தட்ட ஒரே அளவு மெமரிதான் எடுக்கும். அந்த நடுவுல வச்சிருக்கற ஃப்ரேம் எத்தனை, ஒவ்வொண்ணும் எவ்ளோ பெருசு, இது ரெண்டுதான் கணக்கு.

ஒரு ஃபுல் எச்டி ஃப்ரேம், 8 பிட், சாதாரண 4:2:0 கலர் (நாலு பிக்சலுக்கு ஒரு கலர் தகவல்), கம்ப்ரஸ் பண்ணாத நிலையில 3.1 எம்பி. 4கே ஃப்ரேம் அதோட நாலு மடங்கு, 12.4 எம்பி. அதே 4கே 10 பிட்டா இருந்தா ஒவ்வொரு மதிப்புக்கும் ரெண்டு பைட் ஒதுக்கறதால 24.9 எம்பி. இப்ப எக்ஸ்264ல (எச்.264 வீடியோ எழுதற என்கோடர்) வெரி ஸ்லோ ப்ரீசெட் (மெதுவா, ஆனா நல்லா சுருக்கற ரெடிமேட் செட்டிங்) போட்டீங்கன்னா முன்கூட்டி பார்க்கறதுக்கு 60 ஃப்ரேம், ரெஃபரன்ஸுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க) 16 ஃப்ரேம், அது போக ப்ராசஸர் த்ரெட்டுக்கு (ஒரே நேரத்துல ஓடக்கூடிய வேலை வரிசை) ஒண்ணரை மடங்கு, அதாவது 12 த்ரெட் ப்ராசஸர்னா 18 ஃப்ரேம் ஒரே நேரத்துல வேலையில இருக்கும். தோராயமா 94 ஃப்ரேம். ஃபுல் எச்டி 8 பிட்னா இது வெறும் 290 எம்பி, 4கே 10 பிட்னா 2.3 ஜிபி, இது பச்சை ஃப்ரேம் மட்டும், டிகோடர் வச்சிருக்கற ஃப்ரேம், ஃபில்டர், என்கோடரோட சொந்தக் கணக்கு வழக்கு எல்லாம் இதுக்கு மேல. எச்.265 எழுதற எக்ஸ்265க்கு போனா இன்னும் கூடும். (எக்ஸ்265 2013ல மல்டிகோர்வேர் கம்பெனி ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், அதுல வேலை பார்த்த இன்ஜினியர்கள் நிறைய பேர் சென்னையில இருந்துதான் எழுதினாங்க, இன்னிக்கு உலகம் பூரா ஓடுற அந்த என்கோடர்ல நம்ம ஊர் உழைப்பு கணிசமா இருக்குன்னு நினைக்கறப்ப எனக்கு உண்மையிலேயே பெருமையா இருக்கும்.) 8 ஜிபி லேப்டாப்ல விண்டோஸும் ஒரு ப்ரௌசரும் பாதியைத் தின்ன பிறகு மிச்சம் இருக்கறதுல இதை அடைக்கப் பார்த்தா எங்க இடம் இருக்கு.

இந்தக் கணக்கு புரிஞ்சா முதல் வழி தானா கண்ணுக்குத் தெரியும்: செட்டிங்கை குறைக்கறது. என்னைக் கேட்டா நூத்துக்கு எழுபது பேர் இதோட நிறுத்திக்கலாம். ப்ரீசெட்டை வெரி ஸ்லோவுல இருந்து மீடியத்துக்குக் கொண்டு வந்தா எக்ஸ்264ல முன்கூட்டி பார்க்கற ஃப்ரேம் 60ல இருந்து 40 ஆகும், ரெஃபரன்ஸ் 16ல இருந்து 3 ஆகும். ஃபைல் சைஸ் கொஞ்சம் கூடும், அவ்ளோதான், வீட்டு டிவியில பார்க்கறப்ப யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொண்ணு, உங்களுக்கு கடைசியில வேண்டியது ஃபுல் எச்டிதான்னா ஹேண்ட்பிரேக்ல டைமென்ஷன்ஸ்ல 1080ன்னு மாத்திடுங்க, சைஸ் குறைக்கறது என்கோடருக்கு முன்னாடியே நடந்துடும், என்கோடர் சின்ன ஃப்ரேமைத்தான் பார்க்கும். இதோட சேர்த்து 10 பிட்டையும் 8 பிட்டா மாத்தினா மேல சொன்ன கணக்குல எட்டுல ஒரு பங்கு. ஆனா எச்டிஆர் வீடியோவை (வெளிச்சமும் கலரும் கூடுதலா பதியற வகை) 8 பிட் ஆக்கறப்ப கலர் வெளுத்துப் போகும், வானம் இருக்கற ஷாட்ல வரி வரியா தெரியும், அதனால இதை எல்லா வீடியோவுக்கும் கண்ணை மூடிட்டு பண்ணாதீங்க.

த்ரெட் எண்ணிக்கையைக் குறைக்கறதும் இதே குடும்பம்தான். பெரும்பாலானவங்க இதை தொடவே மாட்டாங்க, ஆனா 16, 24 த்ரெட் ப்ராசஸர் வச்சுக்கிட்டு 8 இல்ல 16 ஜிபி ரேம் மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு இதுதான் மருந்து, ஏன்னா கோர் கூடக் கூட ஒரே நேரத்துல கையில வச்சிருக்கற ஃப்ரேமும் கூடிக்கிட்டே போகும். எஃப்எஃப்எம்பெக்ல த்ரெட்ஸ் ஆப்ஷனை இன்புட் ஃபைல் பேருக்கு முன்னாடி போட்டா டிகோடருக்கு, அவுட்புட்டுக்கு முன்னாடி போட்டா என்கோடருக்கு, ரெண்டையும் நாலு நாலுன்னு வச்சுப் பாருங்க. எக்ஸ்265ல ஃப்ரேம் த்ரெட்ஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, அதை 1 ஆக்கினா மெமரி நல்லாவே இறங்கும். விலை என்னன்னா நேரம், ராத்திரி போட்டு காலையில எடுக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல. ஹேண்ட்பிரேக்ல க்யூவுல ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓடலாம்னு ஒரு செட்டிங் இருக்கு, அது ரெண்டு மூணுன்னு இருந்தா முதல்ல ஒண்ணு ஆக்குங்க, சில பேருக்கு பிரச்சனையே அதோட முடிஞ்சிடும்.

ரெண்டாவது வழி பேஜ் ஃபைல், அதாவது ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்குல எடுத்துக்கற இடம். விண்டோஸ் மெமரி தீர்ந்துச்சுன்னு சொல்றது ரேம் தீர்ந்தா இல்ல, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம் தீர்ந்தாதான். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரியைத் தட்டினா கமிட்டெட்னு ரெண்டு நம்பர் காட்டும், முதல் நம்பர் ரெண்டாவதை எட்டிப் பிடிக்கறப்பதான் க்ராஷ். நிறைய கம்ப்யூட்டர்ல "எஸ்எஸ்டி ஆயுசு குறையும், கேம் வேகமா ஓடும்"னு யாரோ சொன்ன டிப்ஸைக் கேட்டு பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, இல்லன்னா சி டிரைவ்ல இடமே இல்லாம அது வளர முடியாம கிடக்கு. திரும்ப சிஸ்டமே பார்த்துக்கட்டும்னு ஆட்டோமேட்டிக்ல விட்டு, சி டிரைவ்ல ஒரு 30 ஜிபி காலி பண்ணி வச்சா போதும், க்ராஷ் ஆகுற வேலை முடியற வேலையா மாறிடும்.

ஆனா செட்டிங் குறைக்கறதுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. செட்டிங்கை குறைச்சா தேவையே குறையுது, பேஜ் ஃபைல் கூட்டினா தேவை அப்படியே இருக்கு, நாம டிஸ்க்கைக் காட்டி சமாளிக்கறோம். எஸ்எஸ்டியா இருந்தா கொஞ்சம் இழுத்தாலும் ஓடிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஃப்ரேமை டிஸ்க்குக்கும் ரேமுக்கும் மாத்தி மாத்தி எழுதியே நேரம் போயிடும், செத்தா கூட பரவாயில்லன்னு தோணற அளவுக்கு மெதுவா ஆகிடும். அதனால எப்பவாவது ஒரு வீடியோ கன்வெர்ட் பண்றவங்களுக்கு பேஜ் ஃபைல் போதும், தினமும் இதே வேலைன்னா போதாது.

மூணாவது வழி ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்), அதாவது இன்டெல் குயிக் சிங்க், என்விடியா என்வென்க், ஏஎம்டி விசிஇ மாதிரி சிப்புக்குள்ளயே இருக்குற என்கோடர். குயிக் சிங்க் 2011லயும் என்வென்க் 2012லயும் வந்துச்சு, அப்ப தரம் சுமார்தான், இன்னிக்கு ரொம்ப தேறிடுச்சு, குறிப்பா என்விடியாவுல டூரிங் தலைமுறையில இருந்து. ரேம் தேவை நல்லா குறையும், வேகம் பல மடங்கு, லேப்டாப் சூடும் குறையும், அதனால சூட்டால ஆஃப் ஆகுற கேஸுக்கும் இது நல்ல மருந்து. பதிலுக்கு ஒரே சைஸ்ல எக்ஸ்265 ஸ்லோ கொடுக்கற தரத்தை இது தராது, அதே தரம் வேணும்னா ஃபைல் பெருசாகும். ஃபோன்ல எடுத்த வீடியோவை டிவியில பார்க்க மாத்தறதுக்கு நான் யோசிக்காம இதையே சொல்வேன். இருபது முப்பது வருஷம் பத்திரப்படுத்தணும், இனிமே ஒரிஜினல் கிடையாதுங்கற மாதிரி வீடியோன்னா மெதுவா போனாலும் ப்ராசஸர்லயே பண்ணுங்க.

ஜிபியூ பக்கம் போறவங்க ஒரு குழப்பத்துக்குத் தயாரா இருக்கணும். என்விடியா சாதா கார்டுல ஒரே நேரத்துல இத்தனை என்கோடிங்தான் ஓடலாம்னு டிரைவர்லயே ஒரு வரம்பு இருக்கு. ரொம்ப நாள் 2 தான் இருந்துச்சு, 2020ல 3 ஆச்சு, 2023ல 5, 2024ல 8. வரம்பைத் தாண்டினா வர்ற மெசேஜ் என்ன தெரியுமா, அவுட் ஆஃப் மெமரி. கார்டுல 8 ஜிபி சும்மா கிடக்கும், மெசேஜ் மட்டும் மெமரி இல்லன்னு சொல்லும், இதைப் பார்த்துட்டு கார்டையே மாத்தற யோசனைக்குப் போறவங்களும் உண்டு. பின்னாடி ஸ்க்ரீன் ரெக்கார்டிங், ஓபிஎஸ் (லைவ் ஸ்ட்ரீமிங் சாஃப்ட்வேர்) ஏதாவது ஓடுதான்னு பார்த்து மூடுங்க, பழைய டிரைவரா இருந்தா அப்டேட் பண்ணுங்க, அவ்ளோதான். இன்னொண்ணு, 8கே வீடியோவை என்வென்க்ல எச்.264 ஆக்க முடியாது, அதுல அகலம் 4096 பிக்சல் வரைக்கும்தான், எச்.265 தேர்ந்தெடுத்தா ஓடும்.

கல்யாண வீடியோ எடுக்கறவங்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. இப்ப வர்ற சோனி, கேனான் கேமராக்கள்ல 4:2:2 10 பிட்னு (4:2:0வை விட கலர் தகவல் ரெண்டு மடங்கு) ஒரு மோடு இருக்கு, கலர் கரெக்ஷனுக்கு அருமையா இருக்கும், ஆனா அந்த ஃபைலை ஹார்டுவேர்ல டிகோட் பண்ற வசதி என்விடியாவுல ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ், அதாவது 2025லதான் வந்துச்சு. அதுக்கு முந்தின கார்டு எவ்ளோ விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் டிகோடிங் மொத்தமும் ப்ராசஸர் தலையிலதான் விழும், கார்டு இருந்தும் ஏன் இப்படி திணறுதுன்னு புரியாம எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திட்டிட்டு இருப்பாங்க. இன்டெல்ல 11வது தலைமுறை ப்ராசஸர்ல இருந்தே எச்.265 4:2:2வுக்கு டிகோடிங் இருக்கு, அதனால இந்த வேலைக்கு மட்டும் விலை குறைவான ஒரு இன்டெல் சிஸ்டம் பெரிய கார்டு போட்ட பழைய சிஸ்டத்தை ஜெயிக்கலாம். ப்ரீமியர் ப்ரோல எக்ஸ்போர்ட் பண்றப்ப மெமரி தீர்றவங்க ப்ரிஃபரன்சஸ்ல மெமரிங்கற இடத்துல ரெண்டரிங்கை பெர்ஃபார்மன்ஸுக்கு பதிலா மெமரிக்கு ஏத்த மாதிரி மாத்திப் பாருங்க, மெதுவாகும், ஆனா முடியும்.

இப்ப ரேம். எப்ப வாங்கணும்? மேல சொன்னதெல்லாம் பண்ணியும் கமிட்டெட் நம்பர் தினமும் ரேம் அளவைத் தாண்டுதுன்னா, வேலையும் தொழில் ரீதியா தினமும் ஓடுதுன்னா, தாராளமா வாங்குங்க. 8ல இருந்து 16க்கு போறது பெரிய மாற்றம், அதுவும் ஒத்தை ஸ்டிக் இருந்த இடத்துல ரெண்டு ஸ்டிக் வந்தா டூயல் சேனல் ஆகி ப்ராசஸர்லயே இருக்குற கிராஃபிக்ஸுக்கும் வேகம் கூடும், அந்த கிராஃபிக்ஸ் உங்க ரேம்ல இருந்துதான் பங்கு எடுத்துக்குதுங்கறதையும் மறந்துடாதீங்க. 4கே எக்ஸ்265 வேலைக்கு 16 போதும், எடிட்டிங்கும் சேர்த்துன்னா 32. 2025 கடைசியில இருந்து ரேம் விலை வேற நல்லா ஏறிடுச்சு, அதனாலதான் முதல்ல இலவச வழியெல்லாம் பாருங்கன்னு இவ்ளோ தூரம் சொல்றேன். வாங்கறதுக்கு முன்னாடி லேப்டாப்ல ஸ்லாட் இருக்கா, இல்ல போர்டோட ஒட்டி வச்சிருக்காங்களான்னு மாடல் நம்பர் போட்டு பார்த்துக்கங்க, மெல்லிசான லேப்டாப்கள்ல நிறைய ஒட்டினதுதான்.

ரேம் போட்டும் பிரயோஜனமே இல்லாத இடங்களையும் சொல்லிடறேன், ஏன்னா காசு வீணாப் போறது இங்கதான். முதல்ல 32 பிட் ப்ரோகிராம். விண்டோஸ் 64 பிட்டா இருந்தாலும் 32 பிட் ப்ரோகிராமுக்கு சாதாரணமா 2 ஜிபி, ரொம்ப ஆனா 4 ஜிபி, அதுக்கு மேல அதால பார்க்கவே முடியாது, நீங்க 64 ஜிபி ரேம் போட்டாலும் அது அந்த 2 இல்ல 4 ஜிபிலயேதான் சாகும். பழைய வெர்ச்சுவல்டப், அவிசிந்த் ப்ளகின்கள், பத்து வருஷத்துக்கு முன்னாடி சிடியில வந்த கன்வெர்டர்கள் எல்லாம் இந்த ரகம். டாஸ்க் மேனேஜர்ல ப்ரோகிராம் பேர் பக்கத்துல 32 பிட்னு போட்டிருந்தா அதை தூக்கிட்டு 64 பிட் வெர்ஷன் போடுங்க, இலவசம், நிமிஷத்துல முடியும், மெமரி எர்ரருக்கு இதை விட மலிவான தீர்வு இல்ல.

அடுத்தது சில ஃபில்டர்கள். வீடியோவை பின்னாடியில இருந்து முன்னாடி ஓட்டுற ரிவர்ஸ் ஃபில்டர் எஃப்எஃப்எம்பெக்ல முழு க்ளிப்பையும் மெமரிக்குள்ள சேர்த்து வச்சாதான் ஆரம்பிக்கவே முடியும், கடைசி ஃப்ரேம்தானே முதல்ல வேணும். ஃபுல் எச்டி 30 ஃப்ரேம் வீடியோ ஒரு நிமிஷத்துக்கு 1800 ஃப்ரேம், 5.6 ஜிபி. அஞ்சு நிமிஷத்துக்கு 28 ஜிபி. இதுக்கெல்லாம் ரேம் வாங்கி கட்டாது, பத்து பத்து செகண்டா வெட்டி தனித்தனியா ரிவர்ஸ் பண்ணி பின்னாடியில இருந்து ஒட்டுங்க. ஒரே கமாண்டுல ஜிஃப் பண்றப்ப கலர் பேலட் எடுக்கறதுக்கும் இதே கதைதான், ரெண்டு தடவையா பிரிச்சு ஓட்டினா மெமரி ஏறாது.

வெட்டறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, பெரிய வீடியோவை துண்டு போட்டா மெமரி பிரச்சனை தீரும்னு பல பேர் சொல்றாங்க. முன்னாடி சொன்ன கணக்குப்படி பார்த்தா நீளத்துக்கும் மெமரிக்கும் சம்பந்தம் கம்மி, அதனால துண்டு போடறது பொதுவா மெமரியைக் குறைக்காது. ரெண்டு இடத்துல மட்டும் உதவும். ஒண்ணு, ப்ரோகிராம்ல லீக் இருந்து நேரம் ஆக ஆக மெமரி மெல்ல மெல்ல ஏறிட்டே போச்சுன்னா. இன்னொண்ணு, ஃபைல்ல ஒரு இடம் கெட்டுப் போயிருந்தா அந்தத் துண்டு மட்டும் செத்து மத்ததெல்லாம் தப்பிக்கும். ரெண்டாவதுக்கு இது அருமையான வழி, லாஸ்லெஸ்கட் மாதிரி டூல்ல என்கோடே பண்ணாம வெட்டிடலாம். எட்டு மணி நேர வேலை ஏழாவது மணியில செத்தா ஏற்படற வயித்தெரிச்சலும் குறையும்.

அதே காரணத்துக்காகத்தான் அவுட்புட்டை எம்கேவியா (எம்பி4 மாதிரி இன்னொரு ஃபைல் வகை) வைங்கன்னு சொல்றேன். எம்பி4ல ஃபைலோட இன்டெக்ஸ் வழக்கமா கடைசியிலதான் எழுதப்படும், நடுவுல க்ராஷ் ஆனா அந்த 20 ஜிபியும் எந்த ப்ளேயரும் திறக்காத வெறும் குப்பை, மூவ் ஆட்டம் (moov atom, அதாவது அந்த இன்டெக்ஸ்) காணோம்னு எர்ரர் வரும். எம்கேவி அதுவரைக்கும் எழுதினதை அப்படியே ப்ளே பண்ணும். முடிஞ்சதும் எம்பி4 ஆக்கிக்கலாம், அது ஒரு நிமிஷ வேலை. ஃபோன்ல சார்ஜ் தீர்ந்து ரெக்கார்டிங் பாதியில நின்னு போன ஃபைல்லயும் இதே எர்ரர்தான் வரும், அப்ப அதே ஃபோன்ல அதே செட்டிங்ல எடுத்த ஒரு நல்ல வீடியோவை மாதிரியா காட்டி அன்ட்ரங்க்னு ஒரு டூலை வச்சு பல சமயம் மீட்டுடலாம், அழிச்சுடாதீங்க.

4 ஜிபில கரெக்டா நிக்குதா? அப்ப பென் டிரைவையோ மெமரி கார்டையோ பாருங்க. ஃபேட்32 ஃபார்மட்ல ஒரு ஃபைல் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது, சில சாஃப்ட்வேர் அதை ஒழுங்கா சொல்லாம க்ராஷ் ஆகிடும். எக்ஸ்ஃபேட் ஆக்கிட்டா சரி.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கங்க: உண்மையிலேயே கன்வெர்ட் பண்ணித்தான் ஆகணுமா? டிவி எம்கேவி எடுக்க மாட்டேங்குது, எம்பி4 வேணும்னு வர்றவங்கள்ல கணிசமான பேருக்கு உள்ள இருக்குற வீடியோ ஏற்கனவே எச்.264தான், வெளி உறையை மட்டும் மாத்தினா போதும். எஃப்எஃப்எம்பெக்ல காப்பி மோடு, ஷட்டர் என்கோடர்ல ரீவ்ராப், ரெண்டுலயும் மெமரி தேவை பேருக்குத்தான், தரம் துளியும் குறையாது, ரெண்டு மணி நேரப் படம் ஒரு நிமிஷத்துல முடியும். இருக்கறதுலயே நல்ல வழி இதுதான், ஆனா கன்வெர்ட்னு பட்டன் இருக்குற சாஃப்ட்வேர் எதுவும் இதை நமக்கு முன்னாடி எடுத்து வைக்கறதில்ல, அதுதான் வருத்தம்.

கடைசியா ஹார்டுவேரே பழுதான கேஸ். வேற வேற இடத்துல க்ராஷ், வேற வேற எர்ரர் நம்பர், மெமரி காலியா இருக்கறப்பவே சாவுது, இப்படி இருந்தா ரேமை சோதிக்கற மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவ்ல போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்க, ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை கூடுதல் வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணி ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 ப்ராசஸர் வச்சிருக்கறவங்க இதை கட்டாயம் கவனிக்கணும், அதுல வோல்டேஜ் அதிகமா ஏறி ப்ராசஸரே கெட்டுப் போற பிரச்சனை இருந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடற கட்டளை, பயாஸ் அப்டேட்டோட வரும்) அப்டேட் கொடுத்து வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. கேம்ல வீடியோ மெமரி பத்தலன்னு எர்ரர் காட்டும், குற்றவாளி ப்ராசஸரா இருக்கும். பயாஸ் அப்டேட் பண்ணாம இருந்தா இன்னிக்கே பண்ணுங்க, ஏற்கனவே கெட்டுப் போனதை அந்த அப்டேட் சரி பண்ணாது, அதுக்கு வாரண்டியில மாத்தறது மட்டும்தான் வழி.

நாளைக்கு காலையில வீடியோ கொடுத்தே ஆகணும், இப்ப ராத்திரி பதினொரு மணி, மூணு தடவை க்ராஷ் ஆகிடுச்சுன்னு உட்கார்ந்திருக்கறவங்களுக்கு நான் சொல்ற வரிசை இது: ப்ரௌசரை முழுசா மூடுங்க, க்யூவை ஒண்ணு ஆக்குங்க, அவுட்புட்டை எம்கேவியா, 1080ஆ வைங்க, ஜிபியூ என்கோடர் இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க, இல்லன்னா ப்ரீசெட்டை வெரி ஃபாஸ்ட்டுக்கு இறக்குங்க, லேப்டாப்பை மெத்தை மேல வைக்காம மேஜை மேல பின்பக்கம் கொஞ்சம் தூக்கி வைங்க, ஸ்லீப் மோடை ஆஃப் பண்ணிட்டு பவர் கனெக்ட் பண்ணி ஓட விடுங்க. முடிஞ்சதும் ஒரிஜினல் எத்தனை நிமிஷமோ அதே நிமிஷம் இதுலயும் இருக்கான்னு பார்த்து, நடுவுல ரெண்டு மூணு இடமும் கடைசி ஒரு நிமிஷமும் ஓட்டிப் பார்த்துட்டு கொடுங்க. ஒரிஜினலை வாரக் கடைசி வரைக்கும் அழிக்காதீங்க.